வெள்ளிக்கிழமைச் சாந்து

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நானும் பற்றிக்கும் திருத்த வேலைக்கு எடுத்த அந்த நூலகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலை. எட்டரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது. கேற்றடியில் இரண்டு மான்கள் நின்று மதிலில் ஒட்டியிருந்த தேர்தல் நோட்டீசைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன. கீழே உள்துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் இரண்டு தரம் ஊதியது. மான்கள் தலையைத் தூக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முன்னால் ஆறு தூண்கள். தூணுக்குத் தூண் வளைவு. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு சன்னல்கள், சாய்வாக அடுக்கிய பலகைகளோடு. எல்லாவற்றுக்கும் மேலே, முகப்பின் முக்கோணச் சுவரில், நான்கு பெண்கள். இடுப்புக்கு மேலே சுவரைவிட்டு வெளியே வந்து குனிந்து பார்ப்பதுபோல் சுண்ணச்சாந்தில் செய்திருந்தார்கள். ஒருத்தி கையில் புத்தகம், ஒருத்தி கையில் விளக்கு, இன்னொருத்தி கையில் உலக உருண்டை. நாலாவது பெண்ணின் கையில் நங்கூரம்.

நங்கூரக்காரிக்கு முகம் இல்லை.

"இவவுக்கு என்ன நடந்தது, சுறா கடிச்சதா?" என்றான் பற்றிக்.

"உனக்குக் கட்டிவைக்கப் போறாங்க எண்டு ஆரோ சொல்லியிருப்பாங்க" என்றேன்.

இப்படித்தான் நாங்கள் இருபத்திரண்டு வருடமாகக் கதைத்து வந்தோம். நான் மூதூர்க்காரன், கலீலுர் றஹ்மான். பதினைந்து வயதில் சாந்துத் தாச்சி தூக்கத் தொடங்கி மேசன் பாஸ் ஆனவன். பற்றிக் ரவுண் ஆள். சவக்காலைக் கல்லறைகளில் சிறகோடு நிற்கிற சம்மனசுகளில் பாதி அவன் செய்தது. கோயில் முகப்பில் அந்தோனியார், மாதா, குழந்தை யேசு எல்லாம் அவன் கை. நான் உருவம் செய்வதில்லை. அது எங்கள் மார்க்கத்தில் இல்லை. இலை, கொடி, வளைவு, விளிம்பு வேலை என்றால் நான். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற சாந்தும் நான்.

சாந்து என்றால் சீமெந்தைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது அல்ல. சுண்ணாம்பை நீற்றி மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் போட்டு வைக்க வேண்டும். கடுக்காய் ஊறின தண்ணீரும் பனங்கட்டிக் கரைசலும் அளவாக ஊற்றிக் குழைக்க வேண்டும். சாந்தகப்பையில் அள்ளிக் கவிழ்த்துப் பிடித்தால் கீழே விழக்கூடாது. என் இரண்டு கையிலும் சுண்ணாம்பு தின்ற தழும்பு முழங்கை வரை கிடக்கிறது. பற்றிக்கின் சம்மனசுக்கு முன்னால் நின்று "இது ஆர் செய்தது?" என்று கேட்ட ஆட்களை நான் நூற்றுக்கணக்கில் கண்டிருக்கிறேன். "இது ஆர் குழைச்சது?" என்று ஒரு மனிதன், ஒரு பெண், ஒரு குழந்தை கூடக் கேட்டதில்லை.

நான் அவனோடு சிரித்தேன். அவன் வீட்டில் சாப்பிட்டேன். அவன் மகளின் கலியாணத்துக்கு இரண்டு நாள் பந்தல் போட்டேன். ஆனாலும் அவனுடைய கையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒன்று கசந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

சாரக்கட்டில் ஏறி நங்கூரக்காரிக்கு முன்னால் போய் நின்றதும் ஒன்று விளங்கியது. ஊரில் பலர் ஜப்பான்காரன் போட்ட குண்டில் முகம் போனது என்பார்கள். சிலர் அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி என்பார்கள். வெடித்து விழுந்த சாந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வெடித்தது அல்ல. தட்டையுளியை வைத்துச் சுத்தியலால் அடித்தது. எட்டு அடி. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இடதுகைக்காரன்" என்றேன். "சரிவைப் பார். வலப்பக்கம் ஆழமா இறங்கியிருக்கு."

பற்றிக் விரலால் தடவிப் பார்த்தான். "ஒரு அடியே காணும் முகத்தைக் கழட்ட. இவன் எட்டு அடிச்சிருக்கிறான்."

நூலகப் பொறுப்பாளர் சோமசேகரம் ஐயா எங்களை வாசிப்பு மண்டபத்துக்குக் கூட்டிப் போய்ச் சுவரில் தொங்கின படமொன்றைக் காட்டினார். திறப்பு விழாவுக்கு முதல்நாள் எடுத்ததாம். கட்டடத்துக்கு முன்னால் வேலைக்காரர் வரிசையாக நிற்கிறார்கள். மேலே நாலு பெண்களுக்கும் முகம் இருக்கிறது, ஆனால் மங்கல். வரிசையின் கடைசியில் ஒருவன் இடது கையில் சாந்தகப்பையோடு நிற்கிறான். எல்லோரும் படம் பிடிப்பவனைப் பார்க்க, அவன் மட்டும் மேலே அந்த நாலாவது பெண்ணைப் பார்க்கிறான். பக்கவாட்டில் நெற்றியும் தூக்கின தாடையும் தெரிந்தது.

"அவன் சாந்துக்காரன்" என்றார் ஐயா. "சிலை செய்தவன்ர பேர் வாசல்ல இருக்கிற திறப்பு விழாக் கல்லில வெட்டிக் கிடக்கு. இவன்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை. விடிய வந்து பாத்தா முகமும் இல்லை, ஆளும் இல்லை எண்டுதான் எங்கட பழைய ஆக்கள் சொல்லுவினம்."

"பாவம்" என்றான் பற்றிக்.

அந்த ஆளின் முகத்தில் இருந்த கசப்பு எனக்குப் புதிது அல்ல.

முதல் மூன்று நாளும் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்தோம். நூலகம் வாசகர்களுக்குப் பூட்டியிருந்தது. புத்தக அடுக்குகளைப் பொலித்தீனால் மூடியிருந்தார்கள். வியாழக்கிழமை பற்றிக் முகத்துக்கு அடிப்படை போடத் தொடங்கினான். நான் கீழே குழைத்து வாளியில் போட, அவன் கப்பியில் இழுத்து எடுத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நான் கைகால் கழுவிக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனேன். குழைத்த சாந்து முடிந்திருந்தது. நான் வரும்வரை பற்றிக் இளைப்பாறுவான் என்றுதான் நினைத்தேன். ஒன்றரைக்குத் திரும்பி வந்தபோது அவன் மேலே விசிலடித்துக்கொண்டு நின்றான். நங்கூரக்காரிக்கு நெற்றியும் மூக்குத் தண்டும் வந்திருந்தன.

"மச்சான்" என்று கூப்பிட்டான். "இவ்வளவு நாளும் இந்தக் குழையலை எங்கயடா ஒளிச்சு வைச்சிருந்தனீ?"

"எந்தக் குழையல்?"

"இப்ப தந்தியே, அதுதான். வெண்ணெய் மாதிரி ஏறுது. ஜும்மாவுக்குப் போகேல்லையோ எண்டு கேட்டன், தலையை மட்டும் ஆட்டினாய். உங்கட பள்ளிக்காரர் என்னைத்தான் ஏசப் போகினம்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு குழைக்கிற பலகையைப் பார்த்தேன்.

அதில் கால்வாசிச் சாந்து கிடந்தது.

நான் குழைத்தது இல்லை. என் சாந்து எனக்குத் தெரியும், தாய்க்குப் பிள்ளை தெரிவது போல. விரலை வைத்தேன். உச்சி வெயிலில், நிழல் இல்லாத இடத்தில், அது குளிர்ந்து கிடந்தது. மணந்து பார்த்தேன். கடுக்காய் மணம் இல்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்தால் வருகிற மணம். அதற்குள் மனித வியர்வை. சாந்தகப்பையில் அள்ளிக் கவிழ்த்தேன். விழவில்லை. உதறினேன். விழவில்லை.

என் வாழ்நாளில் நான் அப்படிக் குழைத்ததில்லை.

யார் வந்தது, எப்படி வந்தது என்று பயந்திருக்க வேண்டும். நான் பயப்படவில்லை. என்னைவிட நன்றாகக் குழைக்கிற ஒருவன் இந்த ரவுணில் இருக்கிறானா என்றுதான் வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தினுஷா மிஸ் வந்தா. வேலையைத் தந்த திணைக்களத்தின் கட்டடக்கலைஞர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பாதணியைக் கழற்றிவிட்டுச் சாரக்கட்டில் ஏறுகிற ஆள். ஏறிப்போய் நெற்றியைத் தொட்டா, நகத்தால் சுரண்டிப் பார்த்தா. பிறகு கீழே பார்த்தா. பற்றிக்கை அல்ல, என்னை.

"கலீல் பாஸ். இந்தச் சாந்து ஆர் குழைச்சது?"

இருபத்திரண்டு வருடம்.

"இஞ்ச உள்ள வேலை முடிய மண்டபத்துக் கூரை இருக்கு" என்றா மிஸ். "அதுக்குப் பிறகு கோட்டைப் பக்கம் ரெண்டு கட்டடம். எல்லாத்துக்கும் ஒரு தலைமை பாஸ் போட வேணும். நான் பற்றிக் பாஸைத்தான் யோசிச்சு வைச்சிருந்தன். இதைப் பாத்தாப் பிறகு, இதைக் குழைச்ச ஆளைத்தான் போட வேணும் போல கிடக்கு. நீங்களா?"

பற்றிக் மேலேயிருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"ஓம் மிஸ்" என்றேன். "நான்தான்."

மேலே ஏதோ கரகரத்தது. நங்கூரக்காரியின் கழுத்தில் பழைய சாந்து கொஞ்சம் உதிர்ந்து என் தோளில் விழுந்தது. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவி நஸ்ரியாவிடம் தலைமை பாஸ் கதையைச் சொன்னேன். அவள் சந்தோசப்பட்டு என் கையைப் பிடித்தாள். பிடித்த உடனே விட்டாள்.

"கழுவிட்டு வாங்களன்."

"கழுவினனான்."

"ஒரு மாதிரி மணக்குது. உங்கட கை மணம் இல்லை இது" என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஆரின்ரையோ கை மாதிரி" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

திங்கள் தொடக்கம் வியாழன் வரை அந்தச் சாந்தைப்போல் ஒன்று குழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பனங்கட்டியைக் கூட்டினேன், குறைத்தேன். முட்டை வெள்ளைக்கரு ஊற்றினேன். மணலை மூன்று தரம் அரித்தேன். நான் குழைத்தது எதுவும் அந்த முகத்தில் நிற்கவில்லை. பற்றிக் வைக்க வைக்க, சோறு துப்புகிற குழந்தையைப்போல் அது துப்பியது.

"மச்சான், வெள்ளிக்கிழமைச் சாந்து தா" என்றான் பற்றிக். "இது வேண்டாம்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குப் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொன்னான். "இது பொம்பிளை நெத்தி இல்லையடா. நான் ஒண்டு நினைக்கிறன், கை தன்ர பாட்டில வேற ஒண்டைச் செய்யுது."

ஏறிப் பார்த்தேன். பிறகு இறங்கி மண்டபத்துக்குள் போய்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் நிற்கிறவனின் நெற்றியும் மூக்கும். அதேதான்.

அப்போதாவது பற்றிக்கிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'அது என்ர சாந்து இல்லை, இஞ்ச வேற ஏதோ ஒண்டு நிக்குது, வா போவம்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் தலைமை வேலை அவனுக்குப் போகும். மறுபடியும் நான் கீழே, அவன் மேலே. சொல்லவில்லை. ஆளைக் கண்டுபிடித்து, அந்தப் பக்குவத்தைப் பார்த்துப் படித்துவிடலாம் என்று நினைத்தேன். கள்ளப் புத்திதான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, சோமசேகரம் ஐயா சாப்பிடப் போய்விட்டார். நான் வழக்கம்போல் கைகால் கழுவி, பற்றிக்குக்குக் கையைக் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சந்திவரை போனேன். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. அங்கேயே சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்து, பின்கதவால் நூலகத்துக்குள் நுழைந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் தப்பவிட்ட முதல் ஜும்மா அது.

மண்டபத்துக்குள் இருட்டு இல்லை. சன்னல் பலகைகளுக்கிடையால் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. பொலித்தீனுக்குள் புத்தகங்கள் வேர்த்துக் கிடந்தன. பழைய கடதாசியின் புளித்த வாடை. முன்சன்னலின் கீழ் குந்தியிருந்து பலகை இடுக்கால் வெளியே பார்த்தேன். குழைக்கிற பலகை பத்தடி தூரத்தில் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் சாந்தகப்பை, என் சுத்தியல், என் தட்டையுளி. மேலே பற்றிக்கின் கால்கள் மட்டும் தெரிந்தன.

துறைமுகத்திலிருந்து வந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காகம் கூடக் கத்தவில்லை. என் காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது.

கண்ணுக்குள் வேர்வை இறங்கியது. துடைத்தேன்.

துடைத்துவிட்டுப் பார்த்தபோது சாந்தகப்பை உரசுகிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

பலகைக்கு முன்னால் ஒருவன் குந்தியிருந்தான். எனக்கு முதுகு காட்டி.

என்னுடைய கட்டம் போட்ட சாறன். தோளில் கிழிந்த என்னுடைய நீலச் சேட். பிடரியில் நரைத்த என்னுடைய மயிர்.

இடது கையால் குழைத்தான்.

நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். நீலச் சேட் என் மேல்தான் இருந்தது.

பலகையில் அவன் தண்ணீர் ஊற்றவில்லை. சுண்ணாம்பு போடவில்லை. வெறும் பலகையில் சாந்தகப்பையை இழுக்க இழுக்க, அதன் அடியிலிருந்து சாந்து ஊறி வந்தது. புண்ணிலிருந்து வருவதுபோல். அள்ளி வாளியில் போட்டுக் கயிற்றைச் சுண்டினான். மேலே பற்றிக் இழுத்தான்.

"வந்திட்டியா" என்றது பற்றிக்கின் குரல். "ஒரு வாய் கதைச்சா என்ன குறையப்போகுது உனக்கு?"

அவன் குழைத்துக்கொண்டே இருந்தான்.

"சரி, கேள். போன கிழமை மிஸ் வந்தவா எல்லோ, அது சும்மா வரேல்லை. நான்தான் போன் பண்ணினனான். வந்து சாந்தைத் தொட்டுப் பாருங்க மிஸ் எண்டு. தலைமைக்கு அவனைப் போடுங்க, என்ர சம்மனசு எல்லாம் அவன்ர சாந்திலதான் நிக்குது எண்டு சொன்னனான்." வேலை செய்துகொண்டே சொன்னான், சாரப் பலகையில் கால் மாற்றி வைத்தான். "உன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல வெக்கமாக் கிடக்கு மச்சான். அதாலதான் மேல நிண்டு சொல்லுறன்."

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் சொல்லாததை, என் சேட்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருக்கிற அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழைக்கிற சத்தம் நின்றது.

அது தலையை மெதுவாகத் திருப்பியது. பற்றிக்கின் பக்கம் அல்ல. சன்னல் பக்கம். என் பக்கம்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு உளி வெட்டு.

வலப்பக்கம் ஆழமாக.

பிறகு அது என் சுத்தியலை இடது கையில் எடுத்தது. தட்டையுளியை வலது கையில் எடுத்தது. சாரக்கட்டில் ஏறத் தொடங்கியது.

மூங்கில் முனகவில்லை. எந்தப் பாரமும் இல்லாத ஏற்றம்.

"ஏன் மேல வாற?" என்றான் பற்றிக். "வாளி போதும். இரு, இந்தத் தாடையை முடிச்சிட்டு... என்ர கை... மச்சான், சாந்து இறுகிட்டுது. கை வருகுதில்லை. கொஞ்சம் தண்ணி தா."

நான் கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பெயரைச் சொல்லக் குரலும் இருந்தது. கத்தினால் அவன் கீழே பார்ப்பான். இரண்டு கலீலைக் காண்பான். சாந்து என்னுடையது இல்லை என்று தெரியும். மிஸ் இரண்டு மணிக்கு வருவா. இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்துக்குள் எனக்குள் ஓடியது. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அந்தக் கை ஒரு நாளைக்காவது சும்மா கிடக்கட்டுமே என்று ஒன்று. அது நான் நினைத்ததுதான். வேறு யாரும் எனக்குள் இருந்து நினைக்கவில்லை.

ஒரு மூச்சு நேரம் நான் பேசாமல் இருந்தேன்.

சுத்தியல் அடி விழுந்த சத்தம் கேட்டது.

எட்டும் கேட்டன.

நான் எப்படி வெளியே ஓடினேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேலே பற்றிக் மட்டும்தான் இருந்தான். நங்கூரக்காரியின் முகம் மறுபடியும் போய்விட்டது. அது இருந்த இடத்தில் அவனுடைய வலது கை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்தபடி இருந்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்த சோமசேகரம் ஐயா கீழேயிருந்து கண்டது இதைத்தான்: பலகையில் பற்றிக் கிடக்கிறான், நான் அவனுக்கு மேலே குனிந்து நிற்கிறேன், என் காலடியில் என் சுத்தியல். என் இடது கை மணிக்கட்டு வரை சாந்து. அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது, தன் மனைவி மக்டலினை வெளியே போய்த் தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னான் பற்றிக்.

"உளி வழுக்கி நானே அடிச்சுப்போட்டன் எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறன்" என்றான். "அவளுக்கும் அதுதான் சொன்னனான். பயப்படாத."

"மச்சான், அது நான் இல்லை."

"நான் கண்டனான்."

"நான் இல்லையடா."

அவன் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தான்.

"எனக்கும் அப்பிடித்தான் நம்ப விருப்பம்" என்றான். "ஒண்டு செய். அண்டைக்கு ஜும்மாவில உனக்குப் பக்கத்தில நிண்ட ஒரு ஆளின்ர பேரைச் சொல்லு. நான் விசாரிக்க மாட்டன். நீ சொன்னாக் காணும், நான் நம்புறன்."

பள்ளியில் முந்நூறு பேர் நின்றிருப்பார்கள். என் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. பொய்யாக ஒரு பெயர் சொல்ல வாய்வரை வந்தது. ஒரு பொய்யில் வந்த வினை இது. நான் எழும்பி வந்துவிட்டேன். பிறகு அவனைப் பார்க்கப் போகவில்லை.

தினுஷா மிஸ்ஸிடம் போய், அது என் சாந்து இல்லை மிஸ், வேற ஆரோ குழைச்சது, எனக்கு அந்த வேலை வேண்டாம் என்றேன். மனம் உடைந்து கதைக்கிறேன் என்று நினைத்து, ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வாங்க பாஸ் என்றா. நங்கூரக்காரியை முகமில்லாமலே விட்டுவிட்டார்கள்.

நான் தம்பலகாமத்தில் பெரிய வயல்காரர், ஒரு போடியாரின் நெல் களஞ்சியத்துக்குக் கல் அடுக்கப் போனேன். சீமெந்துக் கல். சீமெந்துக் கலவை. சுண்ணாம்பு இல்லை, உருவம் இல்லை, நிமிர்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. யானை வராமல் இருக்க இரவில் வெடி போடுவார்கள், அது ஒன்றுதான் சத்தம். வெள்ளிக்கிழமைகளில் அங்கேயே பள்ளிக்குப் போவேன். முன்வரிசையில், இரண்டு பக்கமும் தோள் முட்ட ஆட்கள் நிற்கிற இடமாகப் பார்த்து நிற்பேன். பதினொரு கிழமை அப்படிப் போனது.

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மக்டலின். சந்தையடியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள்.

"கலீல் அண்ணன், இப்ப எங்கட வீட்டிலதானே நிக்கிறீங்க?" என்றாள். "நான் வர மூண்டு மணியாகும். மேசையில அவருக்கு ஒரு நோவுக் குளிசை வைச்சிருக்கு, சாப்பிட்ட உடன குடுத்துவிடுங்கோ. மறந்துபோவார்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"உங்களுக்குக் கோடி புண்ணியம் அண்ணன். வெள்ளிக்கு வெள்ளி நீங்க வந்து அவரோட இருக்கிறதாலதான் மனுசன் கொஞ்சம் சிரிக்குது. முதல்ல உங்கட பேரைச் சொன்னாலே பேசாமச் சுவரைப் பாத்துக்கொண்டு படுப்பார். இப்ப நீங்க கையைத் தடவிவிட்டாத்தான் நோவு நிக்குதாம். நீங்க ஒண்டும் கதைக்கிறேல்லை எண்டு மட்டும் சொல்லிச் சிரிக்கிறார்."

சுற்றிவர ஆட்கள் சலாம் சொல்லிக்கொண்டு போனார்கள். வெயில் நெற்றியில் அடித்தது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. என் இடத்தில், என் கூட்டாளியின் பக்கத்தில், என் கதிரையில் அது இருந்துகொண்டு, அவன் மன்னித்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. பல்லைக் கடித்தேன். பொறாமைதான். அவ்வளவு நடந்த பிறகும் அதுதான் முதலில் வந்தது.

அவளுடைய அழைப்பை வைத்துவிட்டுப் பற்றிக்கின் நம்பரை அழுத்தினேன். ஆறு தரம் அடித்தது. எடுத்தான்.

"பற்றிக்" என்றேன். "மச்சான், நான் கலீல். கேள், நான் தம்பலகாமத்தில நிக்கிறன். பள்ளி வாசல்ல நிக்கிறன், நூறு பேருக்கு நடுவில. உனக்குப் பக்கத்தில இருக்கிறதை விட்டுட்டு வெளியில வா."

அந்தப் பக்கம் விசிறி சுற்றுகிற சத்தம். பிறகு அவன் சிரித்தான். பழைய சிரிப்பு, சாரக்கட்டில் நின்று சிரிக்கிற சிரிப்பு.

"பக்கத்தில இருந்துகொண்டு ஏனடா போன் எடுக்கிற" என்றான்.

"பற்றிக், கையைக் குடுக்காத."

அவன் அதைக் கேட்கவில்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டான். குரல் தூரத்திலிருந்து வந்தது, என்னோடு அல்ல, பக்கத்தில் இருக்கிற ஒருவனோடு கதைக்கிற குரல்.

"சரி, சரி, இழுக்காத. இந்தா, மற்றக் கை."